கூட்டு மருந்துப் பரிசோதனை: தலை, கழுத்துப் புற்றுநோயாளிக்குக் கூடப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"அம்மாவுக்கு ஒரு ட்ரயல் இருக்கு, சேர்க்க விருப்பமா?" என்று கிளினிக்கில் கேட்டால் பல குடும்பங்கள் பயந்துபோய் மறுத்துவிடுகின்றன. வேறு சில, புது மருந்து காசில்லாமல் கிடைக்கிறது என்று நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டுவிடுகின்றன. இரண்டுமே அவசரம். ட்ரயல் என்பது மருந்துப் பரிசோதனை; இங்கே பேசுவது, ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பலன் இருக்கிறதா என்று நோயாளிகளிடம் பார்ப்பதைப் பற்றி. மஸ்கெலியா, தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத் தோட்டங்களிலிருந்து கண்டிக்கோ பதுளைக்கோ மஹரகமவுக்கோ நோயாளியைக் கூட்டிக்கொண்டு போகும் பிள்ளைகள், உறவுக்காரர், தோட்டத்துச் சுகாதார ஊழியர் ஆகியோரை மனதில் வைத்து இது எழுதப்படுகிறது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடலாம். மருந்து ஏறுவது மூன்று கிழமைக்கு ஒரு நாள் என்றால் மீதி இருபது நாளும் நோயாளி லயத்தில்தான், தோட்டத்து வரிசை வீட்டில்தான், இருப்பார். இந்தப் பரிசோதனைகளில் ஆட்கள் இடையில் நின்றுபோவது பெரும்பாலும் அந்த இருபது நாளில்தான். அதனால் ஆஸ்பத்திரிக்குள் நடப்பதைவிட வெளியே நடக்க வேண்டியதைப் பற்றியே இங்கே அதிகம் இருக்கும்.

எந்த நிலை என்று முதலில் கேளுங்கள்

"முற்றிய" என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு நிலைகளுக்குச் சொல்கிறார்கள். வாய், தொண்டை, குரல்வளையில் கட்டி பெரிதாகி, கழுத்து நெறிகளிலும் ஏறியிருக்கிறது, ஆனால் அதைத் தாண்டவில்லை என்றால், சத்திரசிகிச்சையாலும் கதிர்ச் சிகிச்சையோடு சிஸ்பிளாட்டின் மருந்தாலும் குணமாக்க முயல்வார்கள். நோய் நுரையீரலுக்கோ எலும்புக்கோ ஈரலுக்கோ போய்விட்டது, அல்லது கதிர்ச் சிகிச்சை முடிந்த பிறகு திரும்ப வந்து வெட்டவும் முடியாது என்றால், மருந்து கொடுப்பது ஆயுளை நீட்டவும் வேதனையைக் குறைக்கவும்தான்.

முதல் நிலையில் இருப்பவர் குணமாக்கும் சிகிச்சைக்கான வரிசையை ஒரு ட்ரயலுக்காக விட்டுவிடக் கூடாது. அந்தச் சிகிச்சையின் மேல் இன்னொரு மருந்தைச் சேர்த்துப் பார்க்கும் பரிசோதனை என்றால் அது வேறு விஷயம். "இது குணமாக்கும் நோக்கமா, கட்டுப்படுத்தும் நோக்கமா?" என்று நேராகக் கேளுங்கள். டொக்டர்மார் இதற்கு ஒளிக்காமல் பதில் சொல்வார்கள். கேட்காமல் வீட்டுக்கு வருவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

இனி சொல்வதெல்லாம் இரண்டாவது நிலையைப் பற்றியது.

ஏன் ஒரு மருந்து போதாது, ஏன் இரண்டும் சில வேளை உதவாது

சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின் ஆகிய பிளாட்டின மருந்துகள் புற்றுக்கலத்தின் மரபணு இழையைச் சேதப்படுத்துகின்றன. 5-எஃப்யூ அந்த இழை புதிதாகக் கட்டப்படுவதைத் தடுக்கிறது. செட்டுக்சிமாப், கலத்தின் மேல் இருக்கும் 'வளர்' என்ற ஆணைக்கான வாங்கியை அடைக்கிறது. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் இரண்டும் நம் உடம்பின் எதிர்ப்புக் கலங்களில் இருக்கும் தடையை எடுத்துவிடுகின்றன. ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் வேலை செய்வதால் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

2008இல் வெளிவந்த 'எக்ஸ்ட்ரீம்' ஆய்வில் 442 பேர் சேர்ந்தார்கள். பிளாட்டினமும் 5-எஃப்யூவும் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 7.4 மாதம், செட்டுக்சிமாபும் சேர்த்தவர்களுக்கு 10.1 மாதம். 2019இல் 'கீநோட்-048' ஆய்வில் பெம்ப்ரோலிசுமாபோடு கீமோ பெற்றவர்களுக்கு 13.0 மாதம், எக்ஸ்ட்ரீம் முறையில் (பிளாட்டினம், 5-எஃப்யூ, செட்டுக்சிமாப்) பெற்றவர்களுக்கு 10.7 மாதம். இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்கு முன், பாதிப் பேர் அதற்குப் பின். உங்கள் அம்மாவுக்கு இத்தனை மாதம் என்று யாரும் குறித்துக் கொடுத்த கெடு அல்ல.

நமக்கு நெருக்கமானவை மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வுகள். வாய்வழி மெத்தோட்ரெக்சேட்டும் செலிகொக்சிப்பும் மட்டும் கொடுத்து, அதைச் சிஸ்பிளாட்டினோடு ஒப்பிட்ட 422 பேர் கொண்ட ஆய்வு 2020இல் வந்தது. மாத்திரை பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 7.5 மாதம், சிஸ்பிளாட்டின் பெற்றவர்களுக்கு 6.1 மாதம். பிறகு மெத்தோட்ரெக்சேட், செலிகொக்சிப், எர்லோட்டினிப் ஆகிய மூன்றோடு நிவோலுமாப் வெறும் 20 மில்லிகிராம் மூன்று கிழமைக்கு ஒரு முறை கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான அளவு இரண்டு கிழமைக்கு ஒரு முறை 240 மில்லிகிராம். 151 பேர் கொண்ட அந்த ஆய்வில் ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், நிவோலுமாப் இல்லாத பிரிவில் 16.3%, சேர்த்த பிரிவில் 43.4%. விலை உயர்ந்த மருந்தைப் பன்னிரண்டில் ஒரு பங்காக்கிப் பார்க்கும் துணிவு, பணக்கார நாட்டு மருந்துக் கம்பெனியிடமிருந்து வந்திருக்காது.

சேர்த்தால் நல்லதுதானே என்ற கணக்கு எப்போதும் சரிவருவதில்லை. பெம்ப்ரோலிசுமாபோடு லென்வாட்டினிப் சேர்த்த ஆய்வில் கட்டி கூடுதலான ஆட்களுக்குச் சுருங்கியது, ஆயுள் நீளவில்லை. நிவோலுமாபும் இபிலிமுமாபும் சேர்ந்த கூட்டு, எக்ஸ்ட்ரீம் முறையை மிஞ்சவில்லை. ஆனால் ஒவ்வொரு மருந்தைச் சேர்க்கும்போதும் பக்கவிளைவு நிச்சயமாகச் சேரும். அதனால்தான் பரிசோதனையே தேவைப்படுகிறது. புதுக் கூட்டில் சேர்ந்தால் மற்றவரைவிட நல்ல சிகிச்சை என்று எடுத்துக்கொள்ள இடமில்லை.

கடதாசிகளைச் சேர்த்தல்

ஒரு பிளாஸ்டிக் உறையில் இவற்றை வைத்திருங்கள்: கட்டியிலிருந்து எடுத்த துண்டின் பரிசோதனை முடிவு; சி.டி. ஸ்கேன் படங்களும் அவை பதிந்த கணினித் தட்டும்; கதிர்ச் சிகிச்சைச் சுருக்கம் (எத்தனை கிரே, அதாவது கதிரின் அளவு, எத்தனை தடவை, கடைசி நாள் எது); முன்பு பெற்ற கீமோ மருந்துகளின் பெயரும் திகதியும்; கிளினிக் கொப்பி; அடையாள அட்டை.

இவற்றில் திகதிதான் பெரிதாகக் குழப்பும். குணமாக்கும் நோக்கத்தோடு கொடுத்த சிஸ்பிளாட்டின் முடிந்து ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியதா, பிறகு திரும்பியதா என்பதை வைத்தே பல பரிசோதனைகளின் கதவு திறக்கும் அல்லது மூடும். "போன தைப்பொங்கலுக்குப் பிறகு" என்று சொன்னால் போதாது. வார்ட்டிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த அட்டையில் நாள் இருக்கும். அதைத் தேடி எடுங்கள்.

இன்னொன்று மெழுகுக் கட்டை. வெட்டிய சதைத் துண்டை மெழுகில் பதித்து ஆய்வுகூடத்தில் வைத்திருப்பார்கள். பி.டி.-எல்1 என்ற புரதத்தை அளக்கவும், தொண்டைப் பகுதிப் புற்று என்றால் பி16 என்ற இன்னொரு புரதத்தைப் பார்க்கவும் அந்தக் கட்டை தேவை. முதலில் பார்த்தது ஒரு ஆஸ்பத்திரி, இப்போது சிகிச்சை இன்னொரு ஆஸ்பத்திரி என்றால் கட்டையை எடுத்துவரக் கடிதம் வேண்டும். இதற்கே இரண்டு கிழமை போய்விடும். ட்ரயல் என்ற பேச்சு எழும்பிய அன்றைக்கே கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பரிசோதனை உண்மையானதா என்று பார்த்தல்

இலங்கை மருத்துவச் சங்கம் நடத்தும் இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு 2006இலிருந்து இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் முதன்மைப் பதிவேடுகளில் அதுவும் ஒன்று. பதிவான ஒவ்வொரு பரிசோதனைக்கும் வருடமும் இலக்கமும் கொண்ட ஒரு பதிவு எண் உண்டு. அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, பதிவேட்டின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். யாரைச் சேர்ப்பார்கள், எந்த மருந்து, எங்கே நடக்கிறது, இன்னும் ஆட்களைச் சேர்க்கிறார்களா என்று அதில் இருக்கும். ஒழுக்க மீளாய்வுக் குழுவின் ஒப்புதலும், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் அனுமதியும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மருந்துக்கோ சோதனைக்கோ உங்களிடம் காசு கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். "மூலிகையும் கீமோவும் சேர்த்துப் பரீட்சார்த்தம்" என்று ஃபேஸ்புக்கில் வருவதற்குப் பதிவு எண் இருக்காது.

கையெழுத்துக்கு முன்

தகவல் தாள் தமிழில் இருக்க வேண்டும். சிங்களத் தாளையோ ஆங்கிலத் தாளையோ வாயால் மொழிபெயர்த்துச் சொல்லிக் கையெழுத்து வாங்கினால் ஏற்காதீர்கள். தமிழ்ப் பிரதி கேளுங்கள். தாளின் அடியில் பதிப்பு எண்ணும் திகதியும் இருக்கும். இடையில் புதிய ஆபத்து தெரியவந்து தாள் மாறினால் திரும்பக் கையெழுத்து வாங்குவார்கள். அப்போது "முந்தியே போட்டுட்டோமே" என்று வாசிக்காமல் போடக் கூடாது. மாறியது என்ன என்று கேளுங்கள்.

நோயாளிக்கு வாசிக்கத் தெரியாது என்றால், பரிசோதனைக் குழுவைச் சேராத ஒரு சாட்சி முன்னால் முழுத் தாளையும் வாசித்துக் காட்ட வேண்டும். நோயாளி கைநாட்டு வைத்த பிறகு சாட்சியும் ஒப்பமிட்டுத் திகதி போட வேண்டும். மகனோ மகளோ அம்மாவுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட முடியாது, அவர் நினைவோடு இருக்கும்வரை. தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்து யோசிக்க உரிமை உண்டு.

கேட்க வேண்டியவை இவை. சேராவிட்டால் கிடைக்கும் சிகிச்சை எது? எத்தனை தடவை வர வேண்டும், எத்தனை நாள் வார்ட்டில் தங்க வேண்டும்? பஸ் காசும் கூட வருபவரின் சாப்பாடும் யார் பொறுப்பு? மருந்தால் தீங்கு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, காப்புறுதி இருக்கிறதா? மருந்து பலன் தந்துகொண்டிருக்கும்போது பரிசோதனை முடிந்தால் தொடர்ந்து கிடைக்குமா? கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். "பார்ப்போம்" என்பது பதில் அல்ல.

தோட்டத்தில் பேர் விழாத, அதாவது வேலைக்குப் போகாமல் சம்பளம் இல்லாத, நாட்களுக்கும் ஒரு வழி செய்ய வேண்டும். கூடப் போகிறவர் கொழுந்துக்குப் போகிறவர் என்றால், வரும் திகதிகளை எழுதிய கடிதத்தைப் பரிசோதனை இணைப்பாளரிடம் வாங்கித் தோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

நிறையும் கிரியேட்டினினும்

தகுதிச் சோதனையில் வழக்கமாகக் கேட்பவை: வெள்ளணுக்களில் நியூட்ரோபில் ஒரு மைக்ரோலீட்டருக்கு 1,500க்குக் குறையாமல், குருதிச் சிறுதட்டு 100,000க்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 9க்குக் குறையாமல், ஈரல் சோதனை, ஈரலழற்சி பி, சி, எச்.ஐ.வி.; நெஞ்சு எக்ஸ்ரே. எதிர்ப்பாற்றல் மருந்து (பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்றவை) என்றால் சயரோகம் இல்லை என்று உறுதிப்படுத்துவார்கள். நோயாளி எழுந்து நடமாடி இலேசான வேலையாவது செய்யக்கூடியவராக இருக்க வேண்டும். பகலில் பாதிக்கு மேல் படுக்கையில் என்றால் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள்.

மலையகப் பெண்கள் பலர் தடுக்கி விழுவது சிறுநீரகக் கணக்கில். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் 0.9 மில்லிகிராம் என்று வந்தால் ஆய்வுகூடத் தாளில் 'சரி' என்றே இருக்கும். ஆனால் சிஸ்பிளாட்டினுக்குப் பார்ப்பது அந்த எண்ணை அல்ல, சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீட்டர் வடிக்கிறது என்ற கணக்கை. 140இலிருந்து வயதைக் கழித்து, நிறையால் பெருக்கி, 72ஐயும் கிரியேட்டினினையும் பெருக்கி வந்த தொகையால் வகுக்க வேண்டும். பெண் என்றால் 0.85ஆல் பெருக்க வேண்டும்.

58 வயது, 42 கிலோ, கிரியேட்டினின் 0.9 என்று வைத்துக்கொள்ளுங்கள். 82 × 42 = 3,444. அதை 64.8ஆல் வகுத்தால் 53. பெண்ணுக்கான திருத்தம் போட்டால் 45. சிஸ்பிளாட்டினுக்குப் பொதுவாக 50 அல்லது 60 வேண்டும். எல்லாச் சோதனையும் சரி என்ற நம்பிக்கையோடு வந்தவர் இங்கே வெளியே நிற்கிறார். இதே பெண் 52 கிலோவாக இருந்தால் விடை 55க்கு மேல் போகும். இந்தச் சூத்திரம் மெலிந்தவர்களுக்குக் குறைத்துக் காட்டக்கூடியது. 24 மணிநேரச் சிறுநீரைச் சேர்த்து நேராக அளக்க முடியுமா என்று டொக்டரிடம் கேட்பதில் தவறில்லை. சிஸ்பிளாட்டின் முடியாதவர்களுக்குக் கார்போபிளாட்டின் கொண்ட பரிசோதனையோ மாத்திரைப் பரிசோதனையோ இருக்கலாம்.

ஆனபடியால் நிறையைக் காப்பது முதல் வேலை. வாய் சரியாகத் திறக்காதவருக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும் இறங்காது. ரொட்டியைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்துக் கொடுப்பதால் வயிறு நிறையும், உடம்பு தேறாது. பருப்பைக் குழைய வேகவைத்துத் தேங்காய்ப்பால் விட்டு மசித்தது, முட்டை அடித்துக் கலந்த கஞ்சி, பால்மா கொஞ்சம் தடிப்பாகக் கரைத்தது, உழுந்துக் கஞ்சி, மசித்த வாழைப்பழம்: இவற்றை ஒரு நாளைக்கு ஆறு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். விழுங்கும்போது இருமல் வந்தால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குப் போகிறது என்று அர்த்தம்; அப்போது மூக்குக் குழாய் போடுவதை மானக்கேடாக எண்ணித் தள்ளிப்போடக் கூடாது. டிஸ்பென்சரித் தராசில் கிழமைக்கு ஒரு நாள், ஒரே நேரத்தில் நிறை பார்த்து எழுதி வையுங்கள். மருந்தின் அளவே நிறையையும் உயரத்தையும் வைத்துத்தான். 150 சென்ரிமீற்றர், 42 கிலோ என்றால் உடல் மேற்பரப்பு 1.32 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 75 மில்லிகிராம் சிஸ்பிளாட்டின் என்றால் 99 மில்லிகிராம். பத்து வீதம் நிறை இறங்கினால் திரும்பக் கணக்குப் போடுவார்கள்.

எந்தப் பிரிவு என்று தெரிவு செய்ய முடியாது

கணினி குலுக்கிப் போடும். டொக்டருக்கும் அதில் கை இல்லை. ஒப்பீட்டுப் பிரிவில் விழுந்தால் வெறும் சேலைன் ஏற்றி ஏமாற்றுகிறார்கள் என்று லயத்தில் கதை கிளம்பும்; அது பிழை. அந்தப் பிரிவுக்கு இன்று வழக்கத்தில் உள்ள சிகிச்சை கிடைக்கும். வெற்று மருந்து கொடுத்தாலும் அதை வழக்கமான சிகிச்சையின் மேல்தான் சேர்ப்பார்கள்.

மருந்து ஏறும் நாள்

சிஸ்பிளாட்டினுக்கு முன்னும் பின்னும் மக்னீசியம் சேர்த்த சேலைன் ஒன்று முதல் இரண்டு லீட்டர் வரை ஏற்றுவார்கள். அன்றைக்கும் அடுத்த இரண்டு நாளும் எவ்வளவு சிறுநீர் போகிறது என்று கவனிக்க வேண்டும். 5-எஃப்யூ நான்கு நாள் இடைவிடாமல் ஏறும் மருந்து; எடுத்துச்செல்லும் பம்ப் இல்லாவிட்டால் வார்ட்டில்தான் இருக்க வேண்டும். ஒரே நாளில் திரும்பலாம் என்று மாற்றுடுப்பு இல்லாமல் வருகிறவர்கள் அவதிப்படுவார்கள். செட்டுக்சிமாப் முதல் ஊசியில் மூச்சிறுக்கம், நடுக்கம், தடிப்பு வரலாம். வந்த உடனே தாதியிடம் சொல்ல வேண்டும், ஏறி முடியட்டும் என்று பொறுக்கக் கூடாது.

காதில் இரைச்சல், விரல் நுனி மரத்துப்போவது, இரண்டையும் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். சிஸ்பிளாட்டின் செவியையும் நரம்பையும் நிரந்தரமாகப் பாதிக்கக்கூடியது. கால் மரத்தவர் செருப்பில்லாமல் மலையில் இறங்கினால் கல் குத்தியதும் தெரியாது, புண் சீழ் பிடித்த பிறகுதான் தெரியும்.

மழைக்காலத்தில் பாதை மண்சரிவால் அடைபடும். பல பரிசோதனைகளில் குறித்த நாளுக்கு முன்பின் 3 நாள்வரை இடம் கொடுத்திருப்பார்கள். எவ்வளவு என்று கேட்டு வையுங்கள். எச்சரிக்கை வந்தால் முதல் நாளே இணைப்பாளருக்குக் கோல் எடுங்கள். சொல்லாமல் தவறிய நாள் 'நெறிமுறை மீறல்' என்று பதிவாகும்; சொல்லிவிட்டால் நாளை மாற்றிக் கொடுப்பார்கள்.

லயத்தில், மற்ற இருபது நாளில்

*காய்ச்சல்.* கீமோ ஏறி 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணு மிகக் குறைந்துவிடும். வெப்பமானி ஒன்று வீட்டில் இருந்தே ஆக வேண்டும். செல்சியஸ் 38, ஃபாரன்ஹைட்டில் 100.4 தொட்டால் இரவு என்றாலும் கிளம்ப வேண்டும். பெனடோல் போட்டுவிட்டு விடியும்வரை பார்ப்பது உயிரை எடுக்கும் தவறு. காய்ச்சல் இறங்கிவிடும், இரத்தத்தில் கிருமி ஏறிக்கொண்டே இருக்கும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஆனால் அது லயத்து வாசல்வரை வரும் என்று எண்ணாதீர்கள். எந்தச் சந்திவரை வரும், அங்கே நோயாளியைக் கொண்டுபோக யாருடைய ஆட்டோ என்பதை மருந்து தொடங்கும் முன்னரே பேசி வையுங்கள். போகும் ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டியது: "கீமோ ஏற்றினவர், ட்ரயலில் இருக்கிறார்." பரிசோதனைக் குழு கொடுத்த அவசர அட்டையைக் காட்டுங்கள்.

*மெத்தோட்ரெக்சேட்.* இது கிழமைக்கு ஒரே ஒரு நாள் போடும் மருந்து. மேலே சொன்ன பெண்ணுக்குச் சதுர மீற்றருக்கு 15 மில்லிகிராம் என்றால் ஏறத்தாழ 20 மில்லிகிராம், அதாவது 2.5 மில்லிகிராம் மாத்திரை எட்டு. தினம் போட்டுவிட்டால் வாய் முழுக்கப் புண்ணாகி, இரத்த அணுக்கள் சரிந்து, ஆள் போய்விடுவார். செலிகொக்சிப்பைத் தினம் இரண்டு வேளை போடச் சொல்லியிருக்கும்போது பக்கத்தில் இருக்கும் இந்த மாத்திரையையும் அதேபோல் போடுவது எளிதில் நடக்கும். இரண்டையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். மெத்தோட்ரெக்சேட் உறையின் மேல் 'புதன் மட்டும்' என்று பெரிதாக எழுதுங்கள். கலண்டரில் அந்தக் கிழமையைப் போட்ட உடன் வெட்டிவிடுங்கள். மறந்துவிட்டால் அடுத்த நாள் இரட்டிப்பாக்காமல் இணைப்பாளரைக் கேளுங்கள். கர்ப்பிணிகள் இந்த மாத்திரையைக் கையால் தொடக் கூடாது. விழுங்க முடியவில்லை என்று அம்மியில் பொடி செய்யவும் கூடாது. சளிக்கு டிஸ்பென்சரியில் கொடுக்கும் கோட்ரைமொக்சசோல் இதோடு சேர்ந்தால் ஆபத்து. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் அப்படித்தான்.

*எர்லோட்டினிப்.* சாப்பாட்டுக்கு ஒரு மணிநேரம் முன் அல்லது இரண்டு மணிநேரம் பின், வெறும் வயிற்றில். புகைபிடித்தால் இரத்தத்தில் இதன் அளவு இறங்கிவிடும். அமிலத்துக்குப் போடும் ஒமெப்ரசோலும் இதை ஏறவிடாது. முகத்திலும் நெஞ்சிலும் முகப்பரு மாதிரிக் கொப்பளம் வரும், செட்டுக்சிமாபுக்கும் வரும். அது பரு அல்ல. கடையில் விற்கும் பருக் கிரீம் பூசினால் தோல் இன்னும் வெடிக்கும். வெயிலில் மூடிக்கொண்டு, மணமில்லாத எண்ணெய்ப் பசைக் களிம்பு பூசி, டொக்டர் தரும் மருந்தை எடுக்க வேண்டும்.

*எதிர்ப்பாற்றல் மருந்து.* பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஏறிய அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அதனால் குடும்பம் ஏமாந்துவிடும். கிழமைகள், மாதங்கள் கழித்து, சில வேளை மருந்தை நிறுத்திய பிறகும், தடை எடுக்கப்பட்ட எதிர்ப்புக் கலங்கள் நம் உறுப்புகளையே தாக்கும். வழக்கத்தைவிட நான்கு தடவை கூடுதலாக வயிற்றால் போவது, புதிதாக வந்த மூச்சிளைப்பும் வறட்டிருமலும், கண் மஞ்சளாவது, தாங்க முடியாத அசதியும் குளிரும், திடீர்த் தாகமும் அடிக்கடி சிறுநீரும்: இவற்றில் எதுவந்தாலும் 'சாப்பாடு ஒத்துக்கல', 'பனி பிடிச்சிருச்சு' என்று விடாதீர்கள். நுவரெலியாக் குளிரில் யாருக்குத்தான் இருமல் இல்லை என்ற எண்ணம் இங்கே பகையாகிவிடும். உடனே ஸ்டீரொய்ட் கொடுத்தால் அடங்கும், பிந்தினால் நுரையீரல் போகும்.

*வாய்.* ஒரு லீட்டர் கொதித்தாறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கரைத்து நான்கு மணிநேரத்துக்கு ஒரு முறை கொப்பளிக்க வேண்டும். தினம் புதிதாகக் கரையுங்கள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை முழுக்க நிற்க வேண்டும். பாக்கும் தனியாகவே புற்று உண்டாக்கும். 'புகையிலை இல்லாமல் வெறும் வெத்தல' என்ற சமாதானம் செல்லாது.

*இரத்தம்.* கதிர் வாங்கிய கழுத்திலிருந்தோ வாயிலிருந்தோ புதிதாக இரத்தம் வந்தால், சிறிதாக வந்து நின்றாலும், அது பெரிய நாடி உடையப்போவதன் முன்னறிவிப்பாக இருக்கலாம். துணியால் அழுத்திப் பிடித்தபடி உடனே போங்கள்.

நாட்டு மருந்து, கஷாயம், ஊரிலிருந்து வந்த லேகியம் எதையும் மறைக்காதீர்கள். திட்டுவார்கள் என்ற பயத்தில் மறைத்தால், ஈரல் எண் ஏறியதற்குப் பரிசோதனை மருந்தைக் காரணமாக்கி நிறுத்திவிடுவார்கள்.

ஒரு கொப்பியில் திகதி, போட்ட மாத்திரை, வெப்பம், நிறை, எத்தனை முறை வாந்தி, வயிற்றால் போனது, வலிக்குப் பத்தில் எத்தனை என்று தினம் ஒரு வரி எழுதுங்கள். பத்தாம் வகுப்புப் பேரப்பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுத்தால் ஒழுங்காக நடக்கும். கிளினிக்குக்கு முதல்நாள் இரவு மொத்தமாக நிரப்பிய கொப்பி, இல்லாத கொப்பியைவிட மோசம். ஆஸ்பத்திரியில் ஒரு இரவு தங்கினாலும் இணைப்பாளருக்கு அன்றைக்கே சொல்லுங்கள். அவர்கள் அதை 24 மணிநேரத்துக்குள் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள்.

ஸ்கேன் முடிவை வாசித்தல்

ஆறு முதல் ஒன்பது கிழமைக்கு ஒரு முறை ஸ்கேன் எடுப்பார்கள். தெரிவு செய்த கட்டிகளின் நீளங்களைக் கூட்டி ஒப்பிடுவார்கள். தொடக்கத்தில் 32 மில்லிமீற்றரும் 18ம் சேர்ந்து 50 என்று வைத்துக்கொள்வோம். அது 35 ஆனால் 30% குறைவு. மருந்து வேலை செய்கிறது என்று எழுதுவார்கள். அந்த 35 மீண்டும் 42 ஆனால் 20% ஏற்றம். தொடக்கத்தைவிடச் சிறிதாக இருந்தாலும் நோய் முன்னேறியதாகவே கணக்கு, ஏனென்றால் ஒப்பிடுவது எட்டிய மிகச் சிறிய அளவோடு. புதிதாக ஒரு கட்டி தோன்றினாலும் அப்படித்தான். இரண்டுக்கும் நடுவே இருந்தால் 'நிலையாக இருக்கிறது'. இந்த நோயில் நிலையாக இருப்பதும் பலன்தான். எதிர்ப்பாற்றல் மருந்தில் மட்டும், கட்டி முதலில் வீங்கிப் பிறகு சுருங்குவது அரிதாக நடக்கும். நோயாளி தெம்பாக இருந்தால் குறைந்தது நான்கு கிழமை கழித்துத் திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள்.

விலகுவதும் முடிவதும்

எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகலாம். அதற்காக அரச ஆஸ்பத்திரிச் சிகிச்சையை யாரும் மறுக்க முடியாது. சொல்லாமல் கொள்ளாமல் வராமல் விடுவதுதான் கெடுதல், ஏனென்றால் பக்கவிளைவைப் பார்க்க ஆள் இல்லாமல் போகும். மீதி மாத்திரைகளைத் திருப்பிக் கொடுங்கள். பக்கத்து லயத்தில் இதே வருத்தக்காரர் ஒருவர் இருந்தாலும் அவருக்குக் கொடுக்காதீர்கள்.

முடிந்த அன்று ஒரு சுருக்கக் கடிதம் கேளுங்கள்: என்ன மருந்து, எத்தனை தடவை, கடைசி நாள், என்ன பக்கவிளைவு. எந்தப் பிரிவில் இருந்தார் என்பது மறைக்கப்பட்டிருந்தால், எப்போது தெரிவிப்பார்கள் என்றும் கேளுங்கள். வலிக்கு மோர்ஃபின் எந்தக் கிளினிக்கில், எத்தனை நாளுக்கு ஒரு முறை வாங்குவது என்பதை அன்றைக்கே உறுதிசெய்யுங்கள். மோர்ஃபின் மலச்சிக்கலை உண்டாக்கும், அதற்கான மருந்தையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். எதிர்ப்பாற்றல் மருந்து பெற்றவர் என்றால் அவசர அட்டையை எறிந்துவிடாமல் அடையாள அட்டையோடு வைத்திருக்கச் சொல்லுங்கள்; அடுத்த வருடம் வயிற்றோட்டத்தோடு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் காட்ட வேண்டியது அதைத்தான்.